இருட்டுக் காட்சிக்கு ஒளி கூட்டலாமா?

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி அறிவியல் விழாவில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், வீடியோ விளையாட்டுகளில் ஒளியும் நிழலும் எவ்வாறு கணக்கிடப்படுகின்றன என்பதை விளக்க 12 நிமிடப் படம் ஒன்றைத் தயாரித்திருந்தான். எடுத்துக்காட்டுக்கு அவன் தேர்ந்தெடுத்தது 'டூம் 3' என்னும் விளையாட்டு. அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்க, 2004-ஆம் ஆண்டில் வெளிவந்தது அது. செவ்வாய்க் கோளில் ஓர் ஆராய்ச்சி நிலையம். விளக்குகள் பாதி அணைந்துபோன நடைவழிகள். கையில் ஒரு டார்ச் விளக்கு. (பெரியவர்களுக்கான விளையாட்டு அது. உங்களை ஆடச் சொல்லவில்லை. அதில் உள்ள இயற்பியலைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.)

நான்கு மாலைகள் உட்கார்ந்து ஆடி, ஆடியதைக் கணிப்பொறியிலேயே பதிவு செய்து, வெட்டி ஒட்டி, குரல் கொடுத்துப் படத்தை முடித்திருந்தான். விழா நாளன்று பகல் 11 மணிக்குத் திரையிட்டோம். சன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தும் அரங்கில் வெளிச்சம் இருந்துகொண்டுதான் இருந்தது. படம் ஓடியது. காலடி ஓசை கேட்டது. கதவு திறக்கும் ஓசை கேட்டது. திரையிலோ ஒன்றுமில்லை. "கரண்ட் போயிடுச்சா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வர, அரங்கமே சிரித்தது. பரிசை விடுங்கள், அந்தப் படத்தில் அவன் சொல்ல வந்த இயற்பியல் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை.

மறுநாள் என் அறைக்கு வந்தான். "ராத்திரி என் ரூம்ல நல்லாத் தெரிஞ்சுது சார். நேத்து வீட்டுக்குப் போய் பிரைட்னஸ் கூட்டிப் பார்த்தேன். சாம்பல் பூசின மாதிரி வருது. கட்டம் கட்டமாத் தெரியுது" என்றான்.

"முதலில் பதிவு செய்த மூலம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"டிஸ்க்குல இடமில்லைன்னு அழிச்சுட்டேன் சார்."

ஒளி கூட்டியது அவன் தவறல்ல. காலம் கடந்து கூட்டியதுதான் தவறு. இருட்டான விளையாட்டைப் பதிவு செய்பவர் அதைச் சுருக்குவதற்கு முன்பே ஒளியைத் திருத்திவிட வேண்டும் என்பது என் கட்சி. திருத்துவது படத்தைக் கெடுப்பது ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் இருட்டு என்பது கணிப்பொறிக்குள் எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

திரையில் தெரியும் படம் புள்ளிகளால் ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். வழக்கமான 8 பிட் முறையில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் முழு வெள்ளை. அப்படியானால் 128 என்பது பாதி வெளிச்சமா? இல்லை! இங்கேதான் பலர் இடறுகிறார்கள்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்தது எலெக்ட்ரான் துப்பாக்கி. அதற்குத் தரும் மின்னழுத்தத்தை இருமடங்காக்கினால் ஒளி இருமடங்காவதில்லை. நான்கு மடங்குக்கும் மேலாகிறது. ஒளியானது மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 2.2 முதல் 2.5 வரையிலான அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. இந்த அடுக்கு எண்ணைத்தான் காமா என்கிறோம். இன்றைய தட்டைத் திரைகளில் எலெக்ட்ரான் துப்பாக்கி இல்லை. ஆனாலும் அதே வளைகோட்டை வேண்டுமென்றே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். காரணம் நம் கண். குறைந்த ஒளியில் ஏற்படும் சிறு மாற்றத்தையும் கண் கவனிக்கும். மிகுந்த ஒளியில் அதே அளவு மாற்றம் அதற்குத் தெரியாது. ஒரு மெழுகுவத்தி எரியும் அறையில் இன்னொன்றை ஏற்றினால் தெரிகிறது. நடுப்பகல் முற்றத்தில் ஏற்றினால் யாருக்குத் தெரியும்?

கணக்குப் போடுங்கள். 255-இல் பத்தில் ஒரு பங்கு 26. காமா 2.2 என்றால், 26 என்ற எண் தரும் ஒளி 0.1-இன் 2.2 அடுக்கு, அதாவது முழு வெள்ளையில் 0.6 சதவீதம்தான். பாதி வெளிச்சம் வேண்டுமானால் 128 போதாது, 186 வேண்டும். இதில் ஒரு நன்மை இருப்பதைப் பாருங்கள். அந்த மிகக் குறைந்த 0.6 சதவீத ஒளிக்குள் 26 படிகள் கிடைக்கின்றன. எண்ணும் ஒளியும் நேர்விகிதத்தில் இருந்திருந்தால் அங்கே இரண்டு படிகளுக்கு மேல் கிடைத்திராது. டூம் 3 போன்ற விளையாட்டையே 8 பிட்டில் காட்டியிருக்க முடியாது.

இனி, நம் மாணவனின் நடைவழியில் ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். சுவரில் பதித்த இரும்புத் தகட்டின் எண் 24 என்றும், இரண்டு தகடுகள் சேரும் கோட்டின் எண் 20 என்றும் வைத்துக்கொள்வோம். இந்த 24-ஐயும் 20-ஐயும் நினைவில் வையுங்கள். கடைசி வரை இவை நம்முடன் வரும்.

இரவு, விளக்கணைத்த அறை. திரையின் முழு வெள்ளை சதுர மீட்டருக்கு 200 கேண்டெலா என்று கொண்டால், தகடு தருவது 1.10 கேண்டெலா, கோடு தருவது 0.74. வேறுபாடு 49 சதவீதம். கோடு கோடாக நன்றாகவே தெரியும். இப்போது அறை விளக்கைப் போடுங்கள். திரையின் மேல் 200 லக்ஸ் ஒளி விழுகிறது, அதில் 5 சதவீதத்தைத் திரை சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது என்றால், படத்தின் மேல் எங்கும் ஒரே சீராக 3.2 கேண்டெலா வந்து படிகிறது. படத்தின் இருட்டை விட அறையின் பிரதிபலிப்பு மூன்று மடங்கு! தகடு 4.30, கோடு 3.94. வேறுபாடு 9 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. பாலில் தண்ணீர் கலப்பது போலத்தான் இது. பால் குறையவில்லை, ஆனால் பாலாகவும் இல்லை.

விழா அரங்கில் நிலைமை இன்னும் மோசம். புரொஜெக்டர் வெள்ளையை வீசும், சிவப்பை வீசும். கறுப்பை வீச அதனால் முடியாது. அங்கே கறுப்பு என்பது, புரொஜெக்டர் ஒளி விழாத வெள்ளைத் துணி. அரங்கின் வெளிச்சத்தில் அந்தத் துணி எவ்வளவு வெளுப்போ, அதுதான் படத்தின் மிகக் கறுத்த நிறம்.

சரி, இது பார்க்கும் இடத்தின் குறை. ஆனால் பதிவிலேயே ஒரு குறை இருந்தது. அதை நான் கண்டுபிடித்தது ஒரு கேள்வியால். "ஆடும்போது விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் ஒளியைக் கூட்டிக்கொண்டாயா?" என்று கேட்டேன். "ஆமாம் சார், கூட்டித்தான் ஆடினேன்" என்றான். அந்தக் கூட்டல் அவன் பதிவில் இல்லவே இல்லை!

இது எப்படி என்று புரிய ஒரு சிறு சோதனை செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கைப்பேசியில் திரை வெளிச்சத்தை முற்றிலும் குறைத்துவிட்டுத் திரையைப் படமாகச் சேமியுங்கள். அதை நண்பருக்கு அனுப்புங்கள். அவருக்கு அது இருட்டாகவா தெரிகிறது? இல்லை, வழக்கம் போலத் தெரிகிறது. ஏனென்றால் நீங்கள் குறைத்தது திரையின் விளக்கை. சேமித்ததோ நினைவகத்தில் உள்ள எண்களை.

டூம் 3 காலத்து விளையாட்டுகள் பலவும் இதே போன்ற ஒரு வழியைக் கையாண்டன. நினைவகத்தில் உள்ள படத்துக்கும் திரைக்கும் இடையே, படத்தைத் திரைக்கு அனுப்பும் சாதனத்தில் ஓர் எண் பட்டியல் இருக்கும். '20 வந்தால் 41 அனுப்பு, 24 வந்தால் 47 அனுப்பு' என்பது போன்ற பட்டியல். விளையாட்டில் ஒளியைக் கூட்டினால் மாறுவது இந்தப் பட்டியல்தான். நினைவகத்தில் உள்ள எண்கள் மாறுவதில்லை. பதிவு செய்யும் மென்பொருளோ நினைவகத்திலிருந்து எடுக்கிறது. ஆகவே ஆடியவன் கண்டது 41-ம் 47-ம். பதிவானது 20-ம் 24-ம். பிற்காலத்து விளையாட்டுகள் பல இந்தத் திருத்தத்தைப் படத்தின் எண்களிலேயே செய்துவிடுவதால், அவற்றைப் பதிவு செய்யும்போது இந்தத் தொல்லை எழுவதில்லை. எந்த விளையாட்டு எந்த வகை என்பதை ஒரு நிமிடம் பதிவு செய்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு பொறியும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடியோ உலகில் கறுப்பை 0 என்று குறிக்காமல் 16 என்றும், வெள்ளையை 255 என்று குறிக்காமல் 235 என்றும் குறிக்கும் மரபு ஒன்று தொலைக்காட்சியிலிருந்து வந்திருக்கிறது. கணிப்பொறியின் 0-255 படத்தை, 16-235 படம் என்று ஒரு மென்பொருள் தவறாக எண்ணிவிட்டால், 16-உம் அதற்குக் கீழே உள்ள எல்லாமும் ஒரே கறுப்பாகிவிடும். இருட்டு விளையாட்டுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறு வேண்டாம். ஒளியைத் தொடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். இந்தத் தவறு இருந்தால் அதைத் திருத்தினாலே பாதி நோய் தீர்ந்துவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். முடிந்த படத்தில் ஒளியைக் கூட்டினால் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிந்தது?

ஒரு படச்சட்டத்தில் 1920 × 1080 புள்ளிகள், அதாவது 20,73,600. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். நொடிக்கு 30 சட்டங்கள். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 18 கோடியே 66 லட்சம் பைட். ஆனால் நாம் இணையத்தில் காணும் நல்ல தரமான படம் ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் பைட் அளவில் அடங்கிவிடுகிறது. 187-இல் ஒரு பங்கு! இந்த வித்தையைச் செய்வதுதான் என்கோடர் எனப்படும் சுருக்கும் மென்பொருள். 2003-இல் வெளிவந்து இன்றும் பரவலாக வழங்கும் எச்.264 முறையும், அதன் பின் வந்த முறைகளும் இதற்கானவை.

இந்தச் சுருக்கத்தில் ஒரு பகுதி நியாயமான சிக்கனம். சென்ற சட்டத்தில் இருந்த சுவரே இந்தச் சட்டத்திலும் இருந்தால், 'அதே சுவர்' என்று எழுதிவிடலாம். மற்றொரு பகுதி உண்மையான இழப்பு. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் சராசரி ஒளி எவ்வளவு, அதிலிருந்து ஏற்ற இறக்கங்கள் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். பிறகு அந்த ஏற்ற இறக்கங்களை ஒரு படியளவால் வகுத்து, முழு எண்ணாக்கிவிடுவார்கள். கோப்பு சிறிதாக வேண்டுமானால் படியளவு பெரிதாகும்.

நம் சுவரை இந்த ஆலையில் போட்டுப் பார்ப்போம். உண்மைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனால் நடப்பது இதுதான். கட்டத்தின் சராசரி 22. தகட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள வேறுபாடு 4. படியளவு 10 என்போம். 4-ஐ 10-ஆல் வகுத்தால் 0.4, முழு எண்ணாக்கினால் 0. முடிந்தது கதை. கட்டம் முழுவதும் 22 என்று எழுதியாகிவிட்டது. கோடு போய்விட்டது. மங்கிப்போகவில்லை, இல்லாமலே போய்விட்டது. பக்கத்துக் கட்டத்தின் சராசரி 19 என்றால் அது முழுவதும் 19. இருட்டில் பார்க்கும்போது இந்த மோசடி கண்ணில் படாது. நம் மாணவன் பின்னர் ஒளியைக் கூட்டினான் அல்லவா? 22 எல்லாம் 44 ஆயின. 19 எல்லாம் 38 ஆயின. கோடு வரவில்லை. கட்டங்களின் விளிம்புதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால், பேச்சாளர் சொல்லாத சொல் கேட்குமா?

இதே வேலையைச் சுருக்குவதற்கு முன்பு செய்திருந்தால்? மேலே சொன்ன பட்டியலின்படி 24 என்பது 47 ஆகிறது, 20 என்பது 41 ஆகிறது. வேறுபாடு 6. பத்தால் வகுத்தால் 0.6, முழு எண்ணாக்கினால் 1. கோடு பிழைத்துக்கொண்டது! திரும்ப விரிக்கும்போது அது 10 ஆகி, இருந்ததைவிடச் சற்று அழுத்தமாகவே தெரியும். இருக்கட்டும், இல்லாமல் போவதற்கு இது மேல்.

படம் சுருக்கப்பட்ட பிறகு, பார்ப்பவர் தம் திரையில் எந்தப் பொத்தானை எப்படித் திருகினாலும் அந்தக் கோட்டை மீட்க முடியாது. அதை மீட்கும் வாய்ப்பு மூலத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. "இருட்டாக இருந்தால் அவரவர் திரையில் கூட்டிக்கொள்ளட்டுமே" என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அது சரியான பதில் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான்.

இனி, கூட்டுவது எப்படி? மூன்று வழிகள் தோன்றும். முதல் வழி, எல்லா எண்களோடும் 20-ஐக் கூட்டுவது. 24 என்பது 44, 20 என்பது 40. வேறுபாடு பழையபடி 4-தான். சுருக்கும்போது அது மீண்டும் சாகும். அத்துடன் 0 என்பது 20 ஆகிவிடும். அதுதான் நம் மாணவன் கண்ட சாம்பல் பூச்சு. மேல் பக்கமோ 235-க்கு மேலே உள்ளவை எல்லாம் 255-இல் முட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். பல மென்பொருள்களில் 'பிரைட்னஸ்' என்று பெயர் போட்ட திருகு செய்வது இந்தக் கூட்டலையே. பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம்.

இரண்டாம் வழி, எல்லாவற்றையும் 2-ஆல் பெருக்குவது. 48, 40, வேறுபாடு 8. நன்றாக இருக்கிறதே என்றால், 127-க்கு மேலே உள்ளவை அத்தனையும் வெள்ளையாகிவிடும். டார்ச் விளக்கின் ஒளிவட்டம் ஒரு வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியது போலாகிவிடும்.

மூன்றாவது, காமா வளைகோடு. எண்ணை 255-ஆல் வகுத்து, 1/1.4 என்ற அடுக்குக்கு உயர்த்தி, மீண்டும் 255-ஆல் பெருக்குங்கள். 0 என்பது 0-ஆகவே இருக்கிறது. 255 என்பது 255-ஆகவே இருக்கிறது. 20 என்பது 41, 24 என்பது 47. மேலே 200 என்பது 214-தான் ஆகிறது. அதாவது, தூக்கிவிட வேண்டிய இடத்தில் தூக்கிவிட்டு, மற்ற இடத்தில் கையைக் குறைத்துக்கொள்கிறது. விளக்குப் போட்ட அறையில் 9 சதவீதமாகக் குறைந்துபோன அந்த வேறுபாடு, இந்தத் திருத்தத்துக்குப் பின் ஏறத்தாழ 19 சதவீதமாகிறது. உங்கள் கால்குலேட்டரிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்போது எதிர்க்கட்சிக்கு வருவோம். "விளையாட்டை உருவாக்கியவர் வேண்டுமென்றுதான் இருட்டாக வைத்திருக்கிறார். அதை மாற்ற நீங்கள் யார்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. டூம் 3-இல் டார்ச் விளக்கைப் பிடித்தால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது. துப்பாக்கியை எடுத்தால் விளக்கு போய்விடும். பார்ப்பதா, சுடுவதா என்ற திண்டாட்டமே ஆட்டம். ஆட்டக்காரர்களில் சிலர் பொறுக்க மாட்டாமல், துப்பாக்கியோடு விளக்கை ஒட்டிவைக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதிப் பரப்பினார்கள். 2012-இல் வந்த மறுபதிப்பில் நிறுவனமே விளக்கைக் கவசத்தில் பொருத்திவிட்டது. என்னைக் கேட்டால் பழைய திண்டாட்டம்தான் நன்றாக இருந்தது. ஆகவே, இருட்டை ஒழித்துவிடுங்கள் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. மூலை முடுக்கெல்லாம் பளிச்சென்று தெரியும்படி வெளுத்து வாங்குபவர்களின் பதிவுகளையும் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிற அறையில் ஒருவர் காரணமின்றிப் பயந்துகொண்டிருப்பது போல இருக்கும்.

ஆனால் கேள்வியை இப்படிக் கேட்க வேண்டும்: உருவாக்கியவர் வைத்த இருட்டு எது? பதிவில் உள்ள எண்களா, ஆடுபவர் கண்ணில் விழுந்த ஒளியா? சுவீடனின் ஃபிரிக்ஷனல் கேம்ஸ் 2010-இல் வெளியிட்ட 'அம்னீசியா' என்ற விளையாட்டு, ஆட்டம் தொடங்குமுன்பே திரையின் காமாவை உங்கள் திரைக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்ளச் சொல்கிறது. இது போல ஒரு படத்தைக் காட்டி, அது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் வரை திருகச் சொல்லும் விளையாட்டுகள் பல. எண்கள் எப்படியிருந்தாலும் கண்ணுக்கு இவ்வளவுதான் தெரிய வேண்டும் என்பதே அவர்களுடைய எண்ணம் என்று இதிலிருந்து விளங்கவில்லையா? அந்தத் திருகலைப் பதிவு தவறவிட்டது. நாம் அதைத் திருப்பி வைக்கிறோம். படைத்தவருக்கு இதில் துரோகம் எங்கே?

இன்னொன்றும் கவனியுங்கள். டூம் 3-இன் ஒளிக் கணக்கில் பொதுவான மங்கல் வெளிச்சம் என்ற ஒன்று கிடையாது. விளக்கின் ஒளி நேராகப் படாத இடம் சுத்தமான 0. பூஜ்யத்தை எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் பூஜ்யமே! ஆகவே காமா வளைகோட்டால் திருத்தும்போது, படைத்தவர் முழு இருட்டாக விட்ட மூலை முழு இருட்டாகவே இருக்கிறது. அவர் சிறிது ஒளி தந்த இடம் மட்டுமே எழும்புகிறது. கூட்டல் முறைக்கு இந்த மரியாதை தெரியாது.

விளையாட்டுக்கு வெளியிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 2019 ஏப்ரல் 28 அன்று 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், ஓர் இரவுப் போரைக் காட்டும் பகுதி ஒளிபரப்பாயிற்று. ஒன்றுமே தெரியவில்லை என்று உலகெங்கும் புகார் எழுந்தது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், பார்வையாளர்கள் பலருக்குத் தம் தொலைக்காட்சியைச் சரியாக அமைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அந்த வாதம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. சுருக்கத்தில் செத்துப்போன நுட்பத்தை எந்த அமைப்பு மீட்கும்? பார்ப்பவர் ஆயிரம் வகைத் திரைகளில், ஆயிரம் வகை வெளிச்சத்தில் பார்ப்பார் என்பது அனுப்புபவருக்கு முன்கூட்டியே தெரிந்த செய்திதானே.

திருத்தத்துக்கு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. 8 பிட் படத்தில் 0, 1, 2, 3 என்று அடுத்தடுத்து இருந்த எண்கள், 1.4 காமாவில் 0, 5, 8, 11 ஆகிவிடுகின்றன. நடுவில் எண்கள் இல்லை. ஆகவே மெல்ல மெல்ல இருண்டு செல்லும் சுவரில் படிக்கட்டு போலப் பட்டைகள் தெரியக்கூடும். மெல்லிய மணல் தூவியது போன்ற இரைச்சலைச் சேர்த்து இதை மறைப்பார்கள். 10 பிட்டில் சுருக்குவதும் உதவும். கோப்பும் பெரிதாகும், ஏனெனில் முன்பு பூஜ்யமாகிப் போன நுட்பங்களை இப்போது எழுதியாக வேண்டும். எக்ஸ்264 என்ற இலவச மென்பொருளில், இருண்ட காட்சிகளுக்குக் கூடுதல் பிட்டுகளை ஒதுக்கும் அமைப்பு ஒன்று தனியாகவே இருக்கிறது. இடத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர் வேறு எங்காவது பிடிக்கட்டும்.

அளவைப் பொறுத்தவரை, என் அனுபவத்தில் 1.2 முதல் 1.5 வரை போதும். ஆடியவர் விளையாட்டில் எவ்வளவு கூட்டி ஆடினார் என்பது தெரிந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். நள்ளிரவில் விளக்கணைத்த அறையில் உட்கார்ந்துகொண்டு இதைத் தீர்மானிக்காதீர்கள். அரை மணி நேரம் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு எல்லாமே தெரியும். அந்தக் கண்ணை நம்பித்தான் நம் மாணவன் கெட்டான். ஒரு நிமிடத் துண்டைச் சுருக்கி, பகலில் கைப்பேசியில் பாருங்கள்; இரவிலும் பாருங்கள். பகலில் வழி தெரிய வேண்டும், இரவில் பயம் போகக் கூடாது. எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருளில், சுருக்கும் கட்டளையோடு சேர்த்தே காமாவையும் கொடுத்துவிடலாம். தனி உழைப்பு வேண்டியதில்லை. சுருக்கிய படத்தை நான்கு பேர் நான்கு திரைகளில் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை மூலத்தை மட்டும் அழிக்காதீர்கள்.

அந்த மாணவன் மறுபடியும் நான்கு மாலைகள் ஆடினான். இந்தத் தடவை மூலத்தை இழப்பில்லாத முறையில் வைத்துக்கொண்டு, 1.4 காமா கொடுத்துச் சுருக்கினான். அதே அரங்கில், அதே பகல் வெளிச்சத்தில், எங்கள் துறை மாணவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினோம். தகடுகளின் கோடு தெரிந்தது. நடைவழியின் கடைசியில் கதவுக்குப் பின்னால் ஒரு மூலை மட்டும் கன்னங்கறுப்பாகவே இருந்தது. "அந்த மூலையில என்ன இருக்குண்ணா?" என்று முதலாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். "அங்க லைட்டே படலம்மா, வெறும் ஜீரோ" என்றான் அவன்.